எட்டு மணி நேரமும் ஒரு 'அவசரநிலை'யும்

2020 ஏப்ரல் 17. கொரோனா ஊரடங்கில் நாம் வீட்டுக்குள் இருந்தபோது குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். கூடுதல் நேரத்துக்குச் சட்டம் சொல்லும் இரட்டிப்புக் கூலியும் கிடையாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டினார்கள்: 'பொது அவசரநிலை' என்றால் ஆலைகளுக்கு அரசு விலக்கு தரலாம்.

வார வேலையை 54 மணி நேரத்திலிருந்து 48ஆகக் குறைக்கும் மசோதாவை 1946இல் கொண்டுவந்தவர், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த அண்ணல் அம்பேத்கர். நாம்கூட அவரை அரசமைப்புச் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

தொழிற்சங்கத்தினர் உச்ச நீதிமன்றம் போனார்கள். போர், அந்நிய ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து வந்தால்தான் அந்தப் பிரிவு செல்லும். தொற்றுநோயால் வந்த பொருளாதாரச் சரிவு அதில் சேராது என்றது நீதிமன்றம். அக்டோபர் 1இல் உத்தரவு ரத்தானது. கூடுதல் நேரக் கூலியையும் கொடுக்கச் சொன்னார்கள்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையிலேயே நிறைவேறியது. அப்போது ஊரடங்கும் இல்லை, அவசரநிலையும் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, மே 1 அன்று திரும்பப் பெற்றார்கள்.