மூவிலையும் சக்கரமும்: தாமிரபரணிக் கரையில் பழைய சாரணியர் சின்னங்களுக்குக் காலம் கணிப்பது

ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் மறைந்த பின் அவருடைய தகரப் பெட்டியைத் திறப்பவர்கள் சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் பத்திரப்படுத்துவார்கள். அடியில் கிடக்கும் பித்தளைப் பின்களை என்னவென்று தெரியாமல் பழைய பாத்திரக் கடைக்குப் போடுவார்கள். பெண் கல்வி முந்தி வேரூன்றிய பாளையங்கோட்டை, நாசரேத் வட்டாரத்தில் இப்படிப் போனவை குறைவாக இரா. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்திராத சாராள் தக்கர் என்ற ஆங்கிலப் பெண்ணின் பெயரில் 1895இல் பெண்களுக்கென ஒரு கல்லூரியே எழுந்த ஊர் பாளையங்கோட்டை. இங்கே படித்த பெண்களின் உடைமைகள் வரலாற்றுச் சான்றுகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சான்றைச் சான்றாகப் படிக்க ஒரு முறை வேண்டும். உலோகத்தையும் அதில் பொறித்த எண்ணையும் முதலில் பார்ப்பதுதான் நம்மவர் வழக்கம். வடிவம், எழுத்து, நிர்வாகப் பெயர் ஆகிய மூன்றையும் முதலில் படித்துவிட்டு, எண்ணைக் கடைசியில் பார்ப்பதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம்.

பெண் சாரணர் இயக்கமான ‘கைடு’ இந்தியாவில் 1911இல் ஜபல்பூரில் தொடங்கியது. தொடக்கத்தில் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமியருக்கான அமைப்பு. இந்தியச் சிறுமியர் பின்னர்தான் சேர்க்கப்பட்டனர். அதனால் முதல் தலைமுறைச் சின்னங்கள் பிரிட்டனின் அச்சையே பின்பற்றின. அவற்றின் அடிப்படை வடிவம் மூவிலை. மூன்று இலைகள் உறுதிமொழியின் மூன்று பகுதிகளைக் குறிக்கும்: கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறர்க்கு உதவி, இயக்க விதிகளைப் பேணல். மன்னராட்சியின் காலத்தில் நாட்டோடு மன்னரும் சேர்ந்து வந்தார். மூவிலைமேல் சிவப்பு எனாமல் பூசியிருந்தால் அது ‘ரேஞ்சர்’ என்ற மூத்த பெண்கள் பிரிவுக்குரியது.

இளைய பிரிவில்தான் இந்தியா தனி வழி போனது. பிரிட்டனில் சிறுமியர் பிரிவுக்குப் ‘பிரௌனி’ என்று பெயர். அவர்களுடைய பின்னில் துள்ளி ஆடும் ஒரு குட்டித் தேவதை இருக்கும்; 1968இல் அது மாற்றப்பட்டது. அந்தத் தேவதைக் கதை நம் குழந்தைகளுக்கு ஒட்டாது என்பதால் இங்கே அந்தப் பிரிவுக்கு நீலப்பறவை என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் இன்றும் குருளையர், நீலப்பறவையர், சாரணர், சாரணியர், திரிசாரணர், திரிசாரணியர் என்றே வரிசை சொல்கிறோம். ஆகவே திருநெல்வேலிப் பெட்டியிலிருந்து தேவதைப் பின் ஒன்று வந்தால், அது பிரிட்டனில் வளர்ந்த யாரோ ஒருவருடையதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. மிஷன் பள்ளிகளுக்கு வந்த வெளிநாட்டு ஆசிரியைகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1928இல் பெண் சாரணியர் உலகச் சங்கம் அமைந்தபோது இந்தியாவும் அதன் நிறுவன உறுப்பு நாடுகளில் ஒன்றாக இருந்தது. 1930இல் அதன் மூவிலைச் சின்னம் தாங்கிய உலகக் கொடி ஏற்கப்பட்டது. வரைந்தவர் நார்வே நாட்டுக் காரி ஓஸ். நீலப் பின்னணியில் பொன்னிற மூவிலை; இரண்டு இலைகளில் இரண்டு நட்சத்திரங்கள், உறுதிமொழிக்கும் சட்டத்துக்கும்; நடு நரம்பு திசைகாட்டி முள்; காம்பின் அடியில் சுடர். நீலமும் பொன்னும் சேர்ந்த வட்டப் பின் கையில் கிடைத்தால் அது 1930க்கு முந்தியதல்ல என்று தயங்காமல் எழுதலாம். ஆனால் இந்தச் சின்னம் இன்றும் புழக்கத்தில் இருப்பதால், பிந்தைய எல்லையை அதைக் கொண்டே சொல்ல முடியாது.

இங்கேதான் பின்புறம் உதவிக்கு வருகிறது. அங்கு காணும் பதிவு எண் வடிவமைப்பைப் பதிவு செய்த காலத்தைச் சொல்லுமே தவிர, பின் அடிக்கப்பட்ட ஆண்டைச் சொல்லாது. ஒரே அச்சைப் பல ஆண்டு ஓட்டினார்கள். வெள்ளிப் பொருளாயின் நிலைமை வேறு. பர்மிங்காம் சோதனைக் கூடத்தின் நங்கூர முத்திரையும் அதன் அருகே ஒற்றை எழுத்தும் இருந்தால், அந்த எழுத்தே சோதித்த ஆண்டைத் தரும். எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருவதால் எழுத்தின் பாணியையும் அதைச் சுற்றிய கட்டத்தின் உருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டையில் குத்தி, பின்னால் சிறு மூடியை அழுத்திப் பிடிக்கும் முறை இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பரவியது. அப்படிப்பட்ட பின்னை 1920களுக்குக் கொண்டுபோகிறவர்கள் விற்பனையாளர்களாகத்தான் இருப்பார்கள்.

வெள்ளி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கைடு இயக்கத்தின் மிக உயர்ந்த விருது வெள்ளி மீன். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது அதன் கருத்து. 1911இல் தோன்றிய இவ்விருது முதலில் தேர்வுகளில் தேறிய சிறுமியருக்குக் கிடைத்தது. பின்னர் நெடுநாள் தொண்டாற்றிய தலைவியருக்கு உரியதாயிற்று. பாண்டியர் ஆண்ட இந்தப் பக்கத்தில் மீன் என்றால் கயல் முத்திரைதான் நினைவுக்கு வரும். தனித்த ஒற்றை மீன், ஆங்கில வெள்ளி முத்திரை, தொங்கவிட வளையம் ஆகியவை சேர்ந்திருந்தால் அதைப் பாண்டியரோடு முடிச்சுப் போட வேண்டாம். இன்னொரு பொறி ஸ்வஸ்திகா. சாரண இயக்கத்தின் பழைய நன்றிச் சின்னத்தில் அல்லி மலர் வடிவம் ஸ்வஸ்திகாமேல் அமர்ந்திருக்கும். ஜெர்மனியில் நாஜிகள் அக்குறியைக் கைப்பற்றிய பின், 1930களின் நடுவில் இயக்கம் அதைக் கைவிட்டது. நம் ஊரில் அதைக் கல்யாணப் பரிசென்று எடுத்துவைப்போரும் உண்டு, நாஜிப் பதக்கமென்று விலை சொல்வோரும் உண்டு. இரண்டும் தவறு.

இந்த வரலாற்றின் பெரிய முறிவு விடுதலைக்குப் பின் வருகிறது. 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் அமைப்பு உருவானது. அகில இந்தியப் பெண் சாரணியர் சங்கம் 1951 ஆகஸ்ட் 15 அன்று அதில் இணைந்தது. புதிய சின்னத்தில் ஆண்களின் அல்லி வடிவத்துக்குள் பெண்களின் மூவிலை பதிந்தது, நடுவில் 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம், பின்னணி பச்சை. இதைச் சமத்துவத்தின் அடையாளமாகக் கொள்வது வழக்கம். என் கணிப்பு வேறு. நாற்பது ஆண்டுகள் தனித்து நின்ற பெண்களின் குறி இன்னொன்றின் உட்பகுதியாயிற்று. அமைப்புக்கு அது பலமாயிருக்கலாம். சின்னத்தின் அளவில் ஓர் இழப்பு. காலம் கணிப்பவருக்கோ இதைவிடத் தெளிவான எல்லைக்கோடு கிடையாது. படிநிலைச் சின்னங்களும் இந்திப் பெயர் பெற்றன. நீலப்பறவைக்குக் கோமல் பங்க், ரஜத் பங்க், ஸ்வர்ண பங்க், ஹீரக் பங்க் என்று நான்கு சிறகுகள்.

உள்ளூர்த் துணிப்பட்டைகளுக்கும் தோள் நாடாக்களுக்கும் எழுத்தே முதல் சாட்சி. டின்னவெல்லி, பாலம்கோட்டா என்ற ஆங்கில ஒலிப்புகள் ஆங்கிலேயர் காலத்தைச் சுட்டும், ஆனால் பழக்கத்தால் பின்னும் தொடர்ந்திருக்கலாம். மாநிலத்தின் பெயர் மதராஸ் என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. தமிழில் எழுதியிருந்தால் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு: பாளையங்கோட்டை என்ற பெயரில் உள்ள ‘ளை’. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அது மேலே சுழித்த தும்பிக்கையோடு இருக்கும். ‘குருளையர்’ என்ற சொல்லிலும் இதே எழுத்து வருகிறது. பழைய அச்சு வைத்திருந்தவர்கள் சில காலம் அதையே அடித்திருப்பார்கள் என்பதால் தும்பிக்கை ‘ளை’யை உறுதியான எல்லையாகக் கொள்ள முடியாது, புதிய வடிவ ‘ளை’யை ஏறத்தாழக் கொள்ளலாம். மாவட்டப் பெயரையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 1986 வரை தூத்துக்குடியும், 2019 வரை தென்காசியும் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தன. நாசரேத்துச் சிறுமியின் தோளில் திருநெல்வேலி என்றிருந்தால் வியப்பில்லை.

இதே பெட்டிகளில் சாரணியருக்குத் தொடர்பில்லாத பின்களும் கலந்திருக்கும். வெள்ளைமேல் சிவப்புச் சிலுவை இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்துடையது. நீல முக்கோணம் இளம்பெண்கள் கிறிஸ்தவ சங்கத்துடையது. கத்தோலிக்க வீடுகளில் கிடைக்கும் நீள்வட்டச் சுரூபத்தில் 1830 என்று இருக்கும். அது பாரிஸில் கத்தரீன் லபூரே கண்ட மாதா காட்சியின் ஆண்டு. போன வருடம் அடித்த சுரூபத்திலும் அதே எண்தான். எண்ணைக் கடைசியில் பார்க்கச் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இப்பகுதிப் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிடைத்த பித்தளைப் பின்னைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். பொறிப்பும் எனாமலும் அதில் தேய்ந்துவிடும். மென்மையான துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். அணிந்தவர் பெயர், படித்த பள்ளி, தெரிந்தால் ஆண்டு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பின்னோடு வையுங்கள். சீருடையில் அவர் நிற்கும் புகைப்படம் இருந்தால் இரண்டையும் பிரிக்காதீர்கள்.