எலைசா திரும்பி வந்தாளா?



"மை ஃபெயார் லேடி" படம் பார்த்தவர்களுக்கு அதன் முடிவு நினைவிருக்கும். கோபித்துக்கொண்டு போன எலைசா திரும்பி வருகிறாள். பேராசிரியர் ஹிக்கின்ஸ், தன் செருப்பு எங்கே என்று கேட்கிறார். எனக்கும் ஒரு காலத்தில் பிடித்த முடிவு அது. அந்தப் படத்துக்கு மூலமான "பிக்மேலியன்" நாடகத்தின் வரலாற்றைப் படித்த பிறகு மனம் மாறிவிட்டது.

பேர்னாட் ஷோ எழுதிய அந்த நாடகத்தில் எலைசா தெருவில் பூ விற்கும் ஏழைப் பெண். அவளுக்குச் சீமாட்டிகளின் பேச்சைப் பழக்குவதாக ஹிக்கின்ஸ் நண்பரோடு பந்தயம் கட்டி வெல்கிறார். புகழெல்லாம் அவருக்கு. பாடுபட்டுப் படித்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. கடைசிக் காட்சியில், கையுறை வாங்கி வரும்படி அவளிடம் சொல்கிறார். அவரையே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். அவள் எப்படியும் வாங்கி வருவாள் என்ற நம்பிக்கையோடு அவர் நிற்கும்போது நாடகம் முடிகிறது.

1914 ஏப்ரல் 11 அன்று லண்டனில் இது மேடையேறியது. ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, திரை விழுவதற்குள் எலைசாவுக்குப் பூச்செண்டு எறியத் தொடங்கினார். சபை அதைக் காதலாக எடுத்துக்கொண்டது. ஷோவுக்குக் கடும் கோபம். 1916 இல் நூலோடு ஒரு பின்னுரை சேர்த்தார். அதில் எலைசா ப்ரெடி என்ற இளைஞனை மணந்து பூக்கடை வைக்கிறாள். ஆனால் 1938 இல் வந்த படம் அவளை ஹிக்கின்ஸிடமே திருப்பிக் கொண்டுவந்தது. 1941 பதிப்பில், அவள் ப்ரெடியை மணக்கப் போவதை ஹிக்கின்ஸின் வாயாலேயே சொல்ல வைத்தார் ஷோ. அவர் 1950 இல் இறந்தார். 1956 இல் "மை ஃபெயார் லேடி" இசைநாடகமாக வந்தபோது எலைசா மறுபடியும் திரும்பி வந்தாள்.

ஷோ ஏன் இவ்வளவு பிடிவாதமாக நின்றார்? படிப்பித்தவர் படித்தவளுக்குச் சொந்தக்காரர் அல்ல என்பதுதான் நாடகத்தின் உயிர். அவள் திரும்பி வந்து செருப்பைத் தேடினால், அவள் படித்த படிப்புக்கு என்ன பொருள்?

உஸ்தாதுக்கு மரியாதை செய்வது நமது பண்பு. அதில் மாற்றமில்லை. ஆனால் "நாங்கள்தானே படிப்பித்தோம்" என்று சொல்லி, படித்து முடித்த பெண்பிள்ளையின் அடுத்த அடியையும் நாமே தீர்மானிக்கும்போது நாமும் ஹிக்கின்ஸின் இடத்தில்தான் நிற்கிறோம். ஆசிரியர்களான எங்களுக்கும் இது பொருந்தும்.

எலைசா திரும்பி வந்திருக்க வேண்டுமா? உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.