லேபர் கேம்ப் கொட்டும் டில்லி மெட்டலும்

போன சனிக்கிழமை துபாய் வீட்டில் பையன் அறைக் கதவு அதிர்ந்தது. "என்னடா சத்தம் இது?" என்று கத்தப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். கிடார் இரைச்சலுக்கு நடுவே டோல் அடிக்கிறார்கள்!

"பிளட்டிவுட்ப்பா. டில்லி பேண்ட். நியூ மெட்டல்" என்றான்.

பி.காம். படித்த வங்கிக்காரனுக்கு மெட்டல் என்றால் தங்கமும் வெள்ளியும்தான் :-) உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

1990களில் அமெரிக்காவில், மெட்டலின் கனத்த கிடாரோடு ராப்பைச் சேர்த்துப் பிறந்தது நியூ மெட்டல். இன்று உலகமே அறிந்த லிங்கின் பார்க், கம்பெனி எதுவும் கிடைக்காத 1999-ல், வேறு பெயரில், ஆறு பாட்டுகளைத் தாங்களே வெளியிட்டது. சுமார் 1000 பிரதிகள்தான்.

டில்லிக்காரர்கள் கதையும் அப்படித்தான். கார்ப்பரேட் வக்கீல் வேலையை விட்ட கரண் கட்டியாரும், பாடகர் ஜெயந்த் பதுலாவும் 2016-ல் ஆரம்பித்தது வெறும் கிண்டல். பிரபலமான பாப் பாட்டுகளை மெட்டலாக்கி யூடியூபில் போட்டார்கள். 2017-ல் 'ஆன்ட்டி பாப் வால்யூம் 1' என்ற ஆல்பத்தைச் சொந்தமாகவே வெளியிட்டார்கள். பிறகு ராப் பாட ரவுல் கெர் வந்தார். கிண்டல் போய் விஷயம் வந்தது: மன அழுத்தம், பெண்கள் மீதான வன்முறை, வெறுப்பு அரசியல். 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் பாடினார்கள். 2022 பிப்ரவரி 18 அன்று, 10 பாட்டுகளோடு 'ரக்ஷக்'. அதற்கும் கம்பெனி கிடையாது. 2025-ல் வந்த 'நு டெல்லி'தான் அமெரிக்கக் கம்பெனி மூலம் வந்தது.

கம்பெனி மேனேஜர் ஒருவர் முதலிலேயே இருந்திருந்தால் டோலைத்தான் வெட்டியிருப்பார். கடன் விண்ணப்பம் பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியும்.

ஏனென்றால் நானும் அதை வெட்டியவன்தான்.

நான் பிறந்தது தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து டேனரி வேலைக்கு வந்தவர். ஏப்ரல் 14 ராத்திரி அம்பேத்கர் ஜெயந்தி ஊர்வலக் கொட்டில் தூக்கமே வராது. அண்ணாபாவ் சாத்தே கொசுக்கடியைப் பற்றிப் பவாடா கட்டியது அங்கேதான். பவாடா என்பது மராத்தியில் சிவாஜி போன்ற வீரர்களைப் புகழும் பாட்டு. அவர் கொசுவைப் பாடினார்! 1944-ல் அமர் ஷேக், கவாண்கருடன் 'லால் பாவ்டா' கலைக்குழுவைத் தொடங்கியவரும் அவரே. யாரிடமும் அனுமதி கேட்காத பாட்டு அது.

என் முதல் வங்கி இன்டர்வியூவில் விலாசம் பார்த்த அதிகாரி, "மாட்டுங்கா, தமிழ்... கிங்ஸ் சர்க்கிளா?" என்றார். அது வசதியான தமிழர்கள் இருக்கும் பகுதி. "ஆமாம் சார், பக்கத்துலதான்" என்றேன். அந்தப் பக்கத்துலதானை இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன், என் பையன் உட்பட எல்லோரிடமும்.

அன்றைக்கு அவனிடம் லேபர் கேம்ப் என்று சொன்னேன். ஊர்வலம், கொட்டு, கொசுப் பாட்டு எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்தக் கொட்டை யாராவது ரிக்கார்ட் பண்ணியிருக்காங்களாப்பா?" என்றான்.

எங்கள் தெருவில் டேப் ரிக்கார்டர் இருந்தது. அதில் சினிமாப் பாட்டு கேட்டோம். எங்கள் சத்தத்தைப் பிடித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

80கள், 90களில் லேபர் கேம்ப் ஊர்வலத்தைக் கேசட்டில் பிடித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் பையன் கேட்கிறான்.