ஊர்ப்பெயரும் இனப்பெயரும்: உய்குர் மக்கள் வரலாற்றில் ஒரு நோக்கு

ஓர் இனத்தின் பெயர் தொன்றுதொட்டு மாறாது வழங்கி வந்ததெனக் கொள்வது வரலாற்று நோக்கிற்குப் பொருந்தாது. உய்குர் மக்கள் இதற்குத் தக்க சான்றாவர். கி.பி. 744 முதல் 840 வரை மொங்கோலியப் புல்வெளியை ஆண்ட அரசின் பெயரே 'உய்குர்'. துர்பான் பிரதேசம் இஸ்லாத்தைத் தழுவிய 15ஆம் நூற்றாண்டளவில் அப்பெயர் வழக்கிழந்தது. தாரிம் வடிநிலத்துப் பாலைவனச் சோலைகளில் வாழ்ந்தோர் தம்மைக் கஷ்கார்லிக், கொத்தன்லிக், துர்பான்லிக் என ஊர்ப்பெயராலேயே சுட்டினர். இலி பள்ளத்தாக்கிற் குடியேற்றப்பட்ட உழவர் 'தராஞ்சி' எனப்பட்டனர். சோலைகளுக்கிடையே விரிந்த மணற்பரப்பு இப்பிரிவுகளை நிலைபெறச் செய்தது எனலாம். 1921ஆம் ஆண்டுத் தாஷ்கெந்து மாநாட்டையொட்டிப் பழம்பெயர் புத்துயிர் பெற்றது. 1930களிற் சின்ஜியாங் அரசும் அதனை ஏற்றது.

பெயர் ஒன்றாயினும் பேச்சு ஒன்றாகவில்லை. மொழியியலாளர் மத்திய, கொத்தன், லொப் என மூன்று கிளைமொழிகளை வகுப்பர். எழுத்துமொழி மத்திய கிளைமொழியை அடியொற்றியது. லொப் வழக்கோ சிலராலேயே பேசப்பட்டு அருகி வருகின்றது. 2017இன் பின் சின்ஜியாங் பாடசாலைகளில் உய்குர் மொழிக்கல்வியே பெரிதும் ஒடுக்கப்பட்டது. பொதுமொழிக்கே இந்நிலையெனின், ஏட்டிலேறாத ஊர்ப்பேச்சின் கதி யாது? பெயர் மறைந்த காலத்தும் அம்மக்களின் வரலாற்றைச் சுமந்து வந்தவை அப்பேச்சு வழக்குகளே என்பது மனங்கொள்ளத்தக்கது.