"அங்கே என்ன இருக்கிறது?" – பூஜாங் பள்ளத்தாக்கும் சில கேள்விகளும்



இவ்வாண்டின் கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே செல்லலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் செல்லலாம் என்று நான் சொன்னேன். கூட்டம் ஒரு கணம் அமைதியானது. பிறகு ஒரு தாயார் கேட்டார்:

"அங்க என்ன சார் இருக்கு?"

அடுத்தடுத்துக் கருத்துகள் வந்தன. "லங்காவிக்குப் போனா பிள்ளைங்க சந்தோஷப்படுவாங்க சார், கேபிள் கார் இருக்கு" என்றார் ஒருவர். "பினாங்கு பக்கமாச்சே, அங்கேயே போய்ட்டு வந்திடலாமே" என்றார் இன்னொருவர். பேருந்துக்காரரிடம் தொலைபேசியில் விலை கேட்டபோது அவரும், "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள அங்கேயா?" என்று வியந்தார். இவை எல்லாவற்றையும்விட என் மனத்தில் தைத்தது ஒரு தந்தையின் சொல்தான். "நான் சுங்கைப் பட்டாணியிலதான் சார் பொறந்து வளர்ந்தேன். ஒரு நாள்கூட அங்க போனதில்ல. போகணும்னு தோணினதும் இல்ல" என்றார். அவர் பிறந்த ஊரிலிருந்து அந்த அருங்காட்சியகம் ஏறத்தாழ அரை மணி நேரப் பயணந்தான்!

மாறான மறுமொழியும் ஒன்று கிடைத்தது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஓர் அன்பர் கண்கள் ஒளிர என் கையைப் பற்றிக்கொண்டு, "நம்ம ராஜேந்திர சோழன் கட்டின கோயிலுங்கதானே சார்! கட்டாயம் போங்க" என்றார்.

அங்கே ஒன்றுமில்லை என்பது ஒரு மறுமொழி; அங்கே உள்ளதெல்லாம் நம்முடையதே என்பது மற்றொன்று. இரண்டையும் பல நாள் எண்ணிப் பார்த்தேன். வரலாறு இவ்விரண்டையுமே ஏற்கவில்லை என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

யாரும் அப்படிக் கேட்காத காலம்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வங்கக் கடலைக் கடந்த எந்த மாலுமியும் கெடாவைக் குறித்து, "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்க மாட்டான். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கிழக்கே வரும் கப்பல்களுக்குக் கடலிலிருந்தே தெரியும் அடையாளமாக 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது ஜெராய் மலை. அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆறு கடலில் கலக்கிறது. தெற்கே சற்றுத் தொலைவில் மூடா ஆறு. இவ்விரண்டு ஆறுகளையும் ஒட்டிய நிலமே பூஜாங் பள்ளத்தாக்கு.

அக்காலக் கப்பல்கள் காற்றை நம்பியே ஓடின. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், திரும்பிச் செல்ல வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இது சில மணி நேரம் நின்று புறப்படும் துறைமுகமன்று. மாதக் கணக்கில் மனிதர்கள் தங்கிய ஊர். தங்கியவர்கள் வணிகம் செய்தார்கள், வழிபட்டார்கள், உள்ளூர் மக்களோடு பழகினார்கள். சீனத் துறவி இ-சிங் 671ஆம் ஆண்டு தம் நாட்டிலிருந்து புறப்பட்டு இந்தியாவுக்குச் சென்றபோது கெடாவில் தங்கிச் சென்றதைத் தம் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார். அரபு எழுத்தாளர்கள் 'கலா' என்று குறிப்பிடும் துறைமுகமும் கெடாவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

தமிழ் இலக்கியத்திலும் இதன் தடம் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருளையும் அவற்றுள் சேர்க்கிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் எழுதினார்.

இங்கே இன்னொரு பயணியையும் சொல்ல வேண்டும். 1834ஆம் ஆண்டு ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி, இன்றைய செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல்லில் ஒரு தூபியின் உருவமும் சமற்கிருத வரிகளும் உள்ளன. செம்மண் நாட்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் பெருங்கப்பல் தலைவன், தன் கடற்பயணம் நலமாக நிறைவேற வேண்டிக்கொண்டு பொறித்தது அது. இன்று அக்கல் கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிறகு ஏன் மறைந்தது?

14ஆம் நூற்றாண்டிற்குப் பிறகு இத்துறைமுகத்தின் செல்வாக்கு குறைந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் கரையை மேடாக்கியது. கடல் பின்வாங்கியது. தெற்கே 1400ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த மலாக்கா வணிகர்களை ஈர்த்துக்கொண்டது. கப்பல்கள் நின்ற இடத்தில் நெல் விளைந்தது. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. அத்தோட்டங்களில் பால்மரம் சீவ வந்த நம் பாட்டன் பாட்டிமார், தங்கள் மொழியின் பழம்பாட்டில் பெயர் பெற்ற நிலத்தில்தான் வாழ்கிறோம் என்பதை அறிய வழியே இருந்திருக்காது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அதைச் சொல்லித் தர யாருமில்லை.

மறைந்தவை மீண்டும் மெல்லவே வெளிப்பட்டன. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ், டோரதி வேல்ஸ் இணையர் இப்பகுதியில் அகழாய்வு செய்து ஏறத்தாழ முப்பது இடங்களைப் பதிவு செய்தனர். 1960ஆம் ஆண்டை ஒட்டி அலஸ்டேர் லாம் என்பவர் புக்கிட் பத்து பாஹாட் சண்டியை அகழ்ந்து, மீளமைக்கும் பணியை மேற்கொண்டார். (இந்து, பௌத்தப் பழங்கோயில்களை மலாய்மொழியில் 'சண்டி' என்பர்.) அதன் அடியில் கிடைத்த கல்பேழைகள் ஒவ்வொன்றிலும் ஒன்பது குழிகள் இருந்தன. கோயில் எழுப்பும்போது அதன் அடியில் பொன்னும் மணியும் வைக்கும் வழக்கத்தின் சான்று அது. 1980ஆம் ஆண்டு மெர்போக்கில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வேறு இடங்களில் கிடைத்த சில சண்டிகளின் அடித்தளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கே மீண்டும் அமைக்கப்பட்டன.

2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சுங்கை பத்துவில் மேற்கொண்ட அகழாய்வு, இரும்பு உருக்கிய உலைகளையும் துருத்திக் குழாய்களையும் படகுத்துறையின் செங்கற் கட்டுமானங்களையும் வெளிக்கொணர்ந்தது. அவற்றுள் மிகப் பழையவற்றின் காலம் எது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இங்கே வாழ்ந்தவர்கள் வந்தவர்களிடம் பொருள் வாங்கியவர்கள் மட்டுமல்லர், தாமே தொழில் செய்து இரும்பு விற்றவர்கள் என்பது தெளிவாகிவிட்டது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் புக்கிட் சோராஸ் குன்றில் பௌத்தக் கட்டடமும் சுதைச் சிற்பங்களும் வெளிப்பட்டன.

"எல்லாம் நம்முடையதுதானே!"

இப்போது அந்த அன்பரின் மறுமொழிக்கு வருவோம். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டில் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவ்வூர்களின் பட்டியலையே தருகிறது. 'கடாரம் கொண்டான்' என்னும் பெயரும் அதனால் வந்தது. ஆனால் அது ஒரு படையெடுப்பு. நிலையான சோழ ஆட்சி அதன் பின் இங்கே அமைந்ததற்குச் சான்றில்லை. பள்ளத்தாக்கின் பல கட்டடங்கள் ராஜேந்திரனுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. அவற்றுள் பௌத்தச் சமயத்தைச் சார்ந்தவையும் பல. 'ராஜேந்திரன் கட்டிய கோயில்கள்' என்று பிள்ளைகளிடம் சொன்னால் நாம் சொல்வது வரலாறாகாது.

உண்மை இதைவிடச் சுவையானது. படையெடுப்பிற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பு, கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதை நிறைவு செய்தான். அவ்விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கியவன் ராஜேந்திரனின் தந்தை ராஜராஜ சோழன்! லெய்டன் செப்பேடு என்று அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேடு இதைச் சொல்கிறது. பிறகு போர் மூண்டது. போருக்கு ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1090ஆம் ஆண்டில், கடாரத்து அரசனின் தூதர்கள் வேண்டிக்கொண்டதற்கு இணங்கி அதே விகாரத்தின் ஊர்களுக்கு முதலாம் குலோத்துங்கன் வரிவிலக்கு அளித்தான்.

ஒருவர் மண்ணில் மற்றவர் பள்ளி எழுப்பினர், சண்டையிட்டனர், மீண்டும் உறவாடினர். நம் வீட்டுப் பிள்ளைகளும் மலாய், சீன மாணவர்களும் ஒன்றாகக் கற்கத்தக்க வரலாறு இது. இடைநிலைப்பள்ளியில் பழைய கெடா அரசைப் பற்றிப் படிக்கும் நாளில் நம் பிள்ளை, "இது எங்களுடையது" என்று சண்டையிடவும் வேண்டாம். "இதில் எங்களுக்குப் பங்கில்லை" என்று ஒதுங்கவும் வேண்டாம்.

அந்தக் கேள்விக்கு நாம் கொடுத்த விலை

யாரும் போகாத இடத்திற்கு என்ன நேரும்? 2013ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாடு அதைக் கண்டது. சுங்கை பத்துப் பகுதியில் பதினோராம் எண்ணிட்டுப் பதிவு செய்யப்பட்டிருந்த சண்டி ஒன்று, வீடமைப்புக்காக நிலம் சமன்படுத்தப்பட்டபோது இடித்துத் தள்ளப்பட்டது. அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்று நாளிதழ்கள் எழுதின. நிலம் தனியாருடையது என்றும், அவ்விடம் பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதிவாகவில்லை என்றும் விளக்கம் கூறப்பட்டது. செய்தி வெளிவந்த பிறகு எங்கும் கொதிப்பு எழுந்தது. நானும் கொதித்தேன். ஆனால் அதுவரை அந்தச் சண்டி அங்கே இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. வகுப்பில் 'கடாரம் கொண்டான்' என்று எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தக் கடாரத்தில் காலடி வைத்ததில்லை.

கூட்டத்தில் அந்தத் தந்தை சொன்னதைக் கேட்டு என்னால் சினம் கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான். அவருக்கும் எனக்கும் வேறுபாடு அதிகமில்லை.

பிள்ளைகளின் கேள்வி

முடிவில் சென்று வந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், பேருந்திலிருந்து இறங்கிய பிள்ளைகளின் முதல் கேள்வியும் ஏமாற்றந்தான். "ஐயா, வெறும் கல்லுதானே இருக்கு! கோயில் எங்கே?" என்றான் ஒரு மாணவன். நியாயமான கேள்வி. தூண்களும் கூரையும் மரத்தாலும் ஓலையாலும் ஆனவையாக இருந்திருக்க வேண்டும். அவை மக்கிப் போயின. எஞ்சியவை கல் அடித்தளமும் தூண் தாங்கிய கற்களுமே.

அக்கற்களின் நடுவே குழிகள் இருப்பதைக் காட்டினேன். அந்த மாணவன் ஒரு குழிக்குள் கையை விட்டுப் பார்த்தான். "இதுலதான் தூண் நின்னுச்சா?" என்றான். பிறகு மற்றவர்களையும் அழைத்து, ஒவ்வொரு கல்லின் மீதும் ஒருவரை நிற்கச் சொன்னான். சற்று நேரத்தில் எம் பிள்ளைகளே தூண்களாக நின்று, ஒரு மண்டபத்தின் அளவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மாதம் ஆயத்தம் செய்து எழுதி வைத்திருந்த விளக்கம் சட்டைப்பையிலேயே இருந்தது.

எங்களோடு துணைக்கு வந்திருந்த அந்தச் சுங்கைப் பட்டாணித் தந்தை, மலைச் சரிவில் நின்று கீழே ஓடும் நீரோடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது, "அடுத்த மாசம் எங்க அம்மாவ கூட்டிக்கிட்டு வரணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். லங்காவிக்கும் பினாங்குக்கும் செல்லுங்கள்; தவறில்லை. ஆனால் ஒரு பயணத்தையேனும், கேட்பவர் புருவம் உயர்த்தும் ஓர் இடத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள். செல்வதற்கு முன் அவ்விடத்தைப் பற்றிச் சிறிது படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் காண்பது வெறும் கல்லாகத்தான் இருக்கும். "அங்கே என்ன இருக்கிறது?" என்று யாரேனும் கேட்டால், சென்று வந்த பிள்ளையையே மறுமொழி சொல்ல விடுங்கள்.