பவளக்காரத் தெருவின் வெள்ளிக்கிழமைகள்

எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டவர்கள், எந்த மகானுடைய காலடி அங்கே பட்டது என்று பக்தியோடு விசாரிப்பார்கள். யாருடைய காலடியும் படவில்லை. 1717 முதல் 1720 வரை சென்னைப்பட்டணத்துக் கவர்னராக இருந்த ஜோஸப் காலெட் துரை, கம்பெனித் துணி வியாபாரத்துக்காகத் திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களைக் குடிவைத்தார். காலெட் பேட்டை நம் ஜனங்கள் வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. துரை கப்பலேறிவிட்டார், பெயர் தமிழாகி இங்கேயே தங்கிவிட்டது.

இதே போலப் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போன வேறொரு கூட்டமும் உண்டு. எங்கள் பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் பாரிமுனைப் பக்கம் போனால் பவளக்காரத் தெரு இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருக்கலாம். ஆனால் தெருவுக்குப் பெயர் கொடுத்த பவள வியாபாரிகளில் முக்கியமானவர்கள் யூதர்கள். மத்தியதரைக் கடல் பவளம் லண்டன் வழியாகக் கப்பலில் இங்கே வரும். அதற்கு மாற்றாகக் கோல்கொண்டா வைரம், பட்டை தீட்டாமலே, இங்கிருந்து லண்டனுக்குப் போகும்.

அவர்கள் பெயர்களைப் பார்த்தால் யூதர் என்று தோன்றாது. ரோட்ரிக்ஸ், போர்ட்டோ, ஃபொன்ஸெகா எல்லாம் சுத்தமான போர்ச்சுகீசியப் பெயர்கள். காரணம் இருக்கிறது. 1492-இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது. 1497-இல் போர்ச்சுகல் அவர்களைத் துரத்தக்கூட இல்லை. பிடித்து ஞானஸ்நானம் செய்துவிட்டது. அதன் பிறகு பல குடும்பங்கள் வீதியில் கிறிஸ்தவர்கள், வீட்டுக்குள் யூதர்கள். அகப்பட்டுக்கொண்டால் மதவிசாரணை, சில சமயம் நெருப்பு. கோவாவிலேயே 1560-இல் அந்த விசாரணை மன்றம் வந்துவிட்டது. தப்பி ஓடியவர்கள் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிரார்த்தனை செய்யத் துணிந்தார்கள். அந்த லண்டன்காரர்களில் சிலர்தான் சென்னைக்கு வந்தவர்கள்.

இங்கே அவர்களுக்கு நல்ல மரியாதை. 1688-இல் சென்னைக் கார்ப்பரேஷன் தொடங்கியபோது பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் மூன்று பேர் யூதர்கள்: பார்த்தலோமியு ரோட்ரிக்ஸ், டொமிங்கோ தோ போர்ட்டோ, அல்வாரோ த ஃபொன்ஸெகா. அதற்கு முந்தின வருஷம் ஜாக் த பைவா என்ற வைர வியாபாரி காலமாகிப் பெத்தநாயக்கன்பேட்டையில் அடக்கமானார். அவர் மனைவி ஹியரோனிமா பிறகு கவர்னர் யேல் துரையோடு வாழ்ந்தாள்; ஒரு பிள்ளையும் பிறந்தது. அமெரிக்காவில் பல்கலைக்கழகமாகப் பெயர் நிற்கிறதே, அதே யேல்தான். கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போவது கஷ்டம். ஆனால் என் மனம் நிற்பது வேறு இடத்தில்.

அந்தத் தெருவில் ஒரு வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பாட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, திரி திரித்து, சூரியன் இறங்கும் நேரத்தில் ஏற்றுவாள். யூத வீட்டிலும் அதே வெள்ளிக்கிழமை, அதே வேளை, அந்த வீட்டுப் பெண் விளக்கேற்றுவாள். அவர்கள் கணக்கில் நாள் அஸ்தமனத்தில் பிறக்கிறது. ஆகவே சூரியன் மறையும் முன்பே ஏற்றியாக வேண்டும். மறைந்துவிட்டால் சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை நெருப்பு மூட்டக்கூடாது, பேனா பிடிக்கக்கூடாது, காசைத் தொடக்கூடாது. லண்டனில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கு முன்பே கடையைக் கட்ட வேண்டும். ஜூனில் ஒன்பது மணி தாண்டிக் காத்திருக்க வேண்டும். நம் ஊர் சூரியன் அந்த விஷயத்தில் உத்தமன். வருஷம் பூராவும் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் வித்தியாசம்.

ஆனால் வியாபாரம்? ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரன் ஓய்வு, சனிக்கிழமை இவர்கள் ஓய்வு. இந்த ஆசாரத்துக்கு விலை உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் லாபம். இன்றைக்கும் நியமமாக இருக்கிறவர்களுக்கு இதே சங்கடம் வேறு உருவத்தில் இருக்கிறது. மின்சார ஸ்விட்சும் அவர்களுக்கு நெருப்புக் கணக்குத்தான். முன்னதாகவே விளக்கைப் போட்டு வைத்துவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தாமலே மாடிக்கு மாடி தானாக நிற்கிற லிஃப்டில் ஏறுகிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஏகாதசிக்கு அரிசி விலக்கி ரவை உப்புமா சாப்பிட்ட நாம் சிரிக்கலாமா?

சாப்பாடும் லேசானதல்ல. துடுப்பும் செதிலும் உள்ள மீன்தான் ஆகும். எங்கள் எண்ணூர்ப் பக்கத்து மடவை ஆகும். இறால், நண்டு, சுறா, கெளுத்தி ஒன்றும் ஆகாது. முறைப்படி அறுக்கத் தெரிந்தவன் அறுத்தால்தான் இறைச்சி. கடற்கரை ஊரில் இறால் வறுக்கும் வாசனை எந்தச் சுவரில் நிற்கும்?

இதையெல்லாம் ஒரு குடும்பம் தனியாகவே நடத்திவிடலாம். போர்ச்சுகலில் உயிர் பயத்தோடு நடத்தியவர்களின் சந்ததிதானே! தனியாக நடத்த முடியாதது ஒன்று உண்டு. சபைப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். இறந்தவனுக்காக மகன் சொல்லும் ஜெபத்துக்கும் அந்தப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேரும் மகா பக்தர்களாக இருந்தாலும் பயனில்லை. 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது. கோல்கொண்டாவின் மவுசு குறைந்தது. வியாபாரம் சுருங்கச் சுருங்க ஆள் சுருங்கிற்று. நெருப்புக்கு அஞ்சாத மதம் இங்கே ஆள் எண்ணிக்கையில் தோற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. கொச்சியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்னும் அழகாக நிற்கிறது. 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டதால், அங்கேயும் பத்தாவது ஆளுக்கு வெளியூர் விருந்தாளியை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

சென்னையில் எஞ்சியவை கல்லறைகள். தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்த இடுகாட்டின் கற்கள் இடம் பெயர்ந்து, 1983-இல் லாயிட்ஸ் ரோடுக்கு, அதாவது இன்றைய அவ்வை சண்முகம் சாலைக்கு, வந்து சேர்ந்தன. யூதர்கள் இடுகாட்டை 'உயிர்களின் வீடு' என்றுதான் சொல்வார்கள். பூப் போடுகிற வழக்கம் இல்லை. பார்க்க வந்தவர் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போவார்.

நான் போன அன்று கேட் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, ஐந்தரை மணி இருக்கும். கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் சைக்கிளை நிறுத்தியவர், "உங்க ஆளுங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லை. எங்க ஊர்க்காரங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சாவி யாரிடம் இருக்கும் என்று விசாரித்து வருவதாகச் சொல்லிப் போனார். தெருவிளக்கு எரியும்வரை காத்திருந்தேன்.