தரம் 6 ஊசிக்குப் பின்னால் ஒரு வரலாறு

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஹேர்பிஸ் வைரஸ்தான் காரணம் என்று 1970களில் பல ஆய்வாளர்கள் நம்பினார்கள். ஜேர்மன் மருத்துவர் ஹரால்ட் சூர் ஹவுசனோ மரு உண்டாக்கும் பப்பிலோமா வைரஸைச் சந்தேகித்தார். 1983இல் அதன் 16ஆம் வகையும் அடுத்த வருடம் 18ஆம் வகையும் கட்டிகளில் அகப்பட்டன. 1951இல் இதே நோயால் அமெரிக்காவில் மரணித்த ஹென்ரியெட்டா லக்ஸ் என்ற தாயிடம் (அனுமதி கேட்காமலே!) எடுத்து வளர்த்த கலங்களிலும் அந்த 18 இருந்தது.

வைரஸின் ஈ6 புரதம், பழுதான கலத்தைத் தடுத்து நிறுத்தும் பி53ஐ அழிக்கிறது. ஈ7, கலப்பிரிவுக்குப் பூட்டுப் போடும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. பல வருடங்கள் சத்தமில்லாமல் போகும், பிறகுதான் புற்றுநோய்.

2017இலிருந்து நம் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி இந்த வைரஸுக்கு எதிரானதுதான். "இந்தச் சின்ன வயதில் எதற்கு சேர்?" என்று கேட்கும் உம்மாமாரே, உடம்பில் ஏற்கனவே குடியேறிய வைரஸை அந்த ஊசி வெளியேற்றாது.